நூரளையில் மூன்று நாள்

விடுதிக்காரன் பெரிய புத்தகத்தைத் திருப்பி வைத்து
எந்த ஊர் என்கிறான்.
இராகலை என்கிறார் அப்பா.
பேனா நிற்கிறது.
"ஒரு மணித்தியாலம்தானே பஸ்ஸில்?
வீட்டுக்கே போய்ப் படுக்கலாமே.
சீசனில் அறை வாடகை இரட்டிப்பு."
காதுக்குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு
"பாக்கத்தான் வந்தோம்" என்கிறார் அப்பா,
கப்பலில் வந்து இறங்கியவர் மாதிரி.

காசு என்னுடையது.
தெஹிவளை சூப்பர்மார்க்கட்டில்
பால்மாவையும் சவர்க்காரத்தையும்
பீப் பீப்பென்று கடத்திக் கடத்தி
பதினொரு மாதம் சேர்த்தது.

இந்த ஊருக்கு நாங்கள் வராதவர்களா?
அடையாள அட்டைக்கு வந்திருக்கிறோம்.
அப்பாவின் விரல் மெஷினில் சிக்கியபோது வந்தோம்.
கிஷோபன் பிறந்ததே இங்கேதான்.
வந்த வேலை முடிந்தால் கடைசி பஸ்.
ஏரி எந்தப் பக்கம் என்று
இன்றைக்குத்தான் ஒருவரிடம் கேட்டோம்.

இரவு குளியலறையில் ஒரு சத்தம்.
குழாயில் கை வைத்த அம்மா
வெளியே வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
"யாரு சுடவச்சா?"

மறுநாள் ஏரி.
ஸ்பீக்கரில் பைலா, புல்லெல்லாம் சோளச்சக்கை,
குதிரைச் சாணத்தை மிதித்த கொழும்புப் பெண்கள்.
அன்னப் படகில் நாலு பேர்.
அம்மாவும் அப்பாவும் மிதிக்க,
ஆளுக்கொரு திசை,
படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.
"இதுதான் கடலாக்கா?" என்றான் கிஷோபன்.
இல்லடா, கடலுக்கு அக்கரை தெரியாது.
மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா கேட்டாள்:
"அப்ப எங்கதான் எறங்குறது?"

ஹக்கலை ரோட்டில் ஒரு போர்டு.
ஐந்நூறு ரூபாய்க்குக் கொழுந்து பறிக்கலாம்,
படத்தோடு.
சிவப்புச் சேலை, மூக்குத்தி, கூடை எல்லாம் அவர்களே தருவார்கள்.
குருணாகலைக் குடும்பமொன்று முடித்துக்கொண்டு
குலுங்கிச் சிரித்தபடி இறங்கியது.
காசை நீட்டியவள் அம்மா.
நாங்கள் யாரும் சொல்லவில்லை.

கேமராக்காரப் பையன் கூடையைத் தோளில் மாட்டினான்.
அம்மா கயிற்றைத் தலைக்கு ஏற்றினாள்.
"அப்படி இல்லக்கா, படத்துல நல்லா வராது"
மறுபடி தோளுக்கு.
கொஞ்சம் இந்தப் பக்கம்.
இலையைத் தொட்ட மாதிரி நில்லுங்க.
சிரிங்க.
வெயில் மேகத்துக்குள் போய்விட்டது.
அது திரும்பும்வரை காத்திருந்தான் அவன்.
காத்திருக்கத் தெரியாத கைகள் அவளுக்கு.
வெயில் வந்தபோது இரண்டு பிடியும் நிறைந்திருந்தன,
இரண்டிலை ஒரு மொட்டாக,
ஒரு காம்பும் தடிக்காமல்.
போட நினைத்துக் கூடையைப் பார்த்தாள்.
கழுத்து வரை பஞ்சு, மேலே பிளாஸ்டிக் இலை.
கைப்பையைத் திறந்து
அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

படத்தில் அவள் சிரிக்கவில்லை.
எதையோ எண்ணுகிற முகம்.

மூன்றாம் நாள் மழை.
ஸ்ட்ரோபெரி ஒரு பெட்டி,
பாதி புளிப்பு என்று விலை குறைத்தார் அப்பா.
அறையைப் பெருக்கி, போர்வையை மடித்து,
தலையணைகளை அடுக்கிவிட்டுத்தான் அம்மா சாவியைக் கொடுத்தாள்.

கந்தப்பளை தாண்டியதும் கைப்பையில் ஒரு வாசம்.
கொழுந்து கறுத்துச் சுருண்டிருந்தது.
உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.
"அரைப்பேருக்குக்கூடக் காணாது."
"கணக்கப்புள்ளகிட்ட சொல்லி எழுதச் சொல்லவா?" என்றார் அப்பா.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்குமளவு
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள்.
பிறகு, எறியாமல்,
பையை மூடிவிட்டாள்.

"அடுத்த வருசம் கடலாக்கா?"
பதில் சொல்லுமுன் எங்கள் திருப்பம் வந்துவிட்டது.
போர்டு கிடையாது, தரிப்பிடம் கிடையாது.
யாராவது எழுந்து சத்தம் போட்டால்தான் பஸ் நிற்கும்.
அம்மா எழுந்தாள்.